கொள்வாரை அறிதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

இளைஞரும் சிறு வியாபாரமும் என்னும் பொருள் பற்றி இவ்விழாவிலே சில வார்த்தைகள் பேசும்படி சங்கத்தார் எம்மைப் பணித்தனர். மிஷன் பாடசாலையிலே படித்து, பல்கலைக்கழகப் படிப்பையும் இன்னும் முடிக்காத எம்மனோர், கடை வைத்துக் கண்ட பெரியோர் முன்னிலையில் வியாபாரத்தைப் பற்றிப் பேசுவது கொல்லர் தெருவிலே ஊசி விற்பது போலாகும். எனினும், ஊசி விற்கப் புறப்படுகிறவன் முதலில் அறிய வேண்டியது, அந்தத் தெருவில் ஊசி வாங்குவார் உண்டா என்பதேயன்றோ? அதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளுமாகும்.

படிப்பு முடிந்ததும் நம் இளைஞர் கண்முன் இரண்டு வழிகளே தோன்றுகின்றன. ஒன்று அரசாங்க உத்தியோகம்; மற்றொன்று வெளிநாடு. மூன்றாவது வழியாகிய சொந்தத் தொழிலை நாடுவோர் சிலரே. அச்சிலரும் எங்ஙனம் தொடங்குகின்றனர்? முதலிலே பொருளைத் தீர்மானிக்கின்றனர். பின்பு இடம் பார்க்கின்றனர். பின்பு பெயர்ப்பலகை எழுதுவிக்கின்றனர். நல்ல நாளிலே பால் காய்ச்சிக் கடையைத் திறக்கின்றனர். முதற் கிழமையில் உறவினரும் நண்பரும் வந்து வாங்குகின்றனர். அடுத்த மாதத்தில் உறவினர் வரவு குறைகிறது. அதற்கடுத்த மாதத்திற் கடன் கேட்போர் மட்டுமே வருகின்றனர். அதன் பின்னரே, "எங்கள் பொருளை வாங்குகிறவர் யார்?" என்ற கேள்வி பிறக்கின்றது. முதலிற் கேட்க வேண்டிய கேள்வி இறுதியிலே கேட்கப்படுகின்றது. அதற்குள் தாயின் சங்கிலியும் தங்கையின் காப்பும் அடைவிற் போயிருக்கும். கடை மூடுவது பெரிதன்று. அடைவு வைத்த நகை மீளாமற் போவதே பெரிது. ஆதலால் இது வெறும் வணிகப் பாடம் அன்று. குடும்ப நலம் பற்றிய பாடமும் ஆகும்.

இக்கேள்வியை முதலிற் கேட்கும் வழக்கம் நமக்குப் புதியதென்று எண்ணல் வேண்டா. நம் முன்னோர் அதை நன்கறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்துப் புகையிலையை நினைத்துப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்திலேயே அது திருவாங்கூருக்குப் பெயர் பெற்ற சரக்கு. மலையாளத்தார் அதனை வெற்றிலையோடு மென்று தின்றனர். தென்னிலங்கையாரோ அதையே சுருட்டாகவும் விரும்பினர். நிலம் ஒன்று, பயிர் ஒன்று. ஆனால் மெல்லுகிறவனுக்கு வேண்டியது ஒரு வகை, புகைப்பவனுக்கு வேண்டியது மற்றொரு வகை. ஆகவே இலையைத் தெரிவதிலும் உணர்த்துவதிலும் பதப்படுத்துவதிலும் வேறுபாடு செய்தனர். தோட்டத்தில் நின்ற கமக்காரனுக்குக் கடலுக்கு அப்பால் இருக்கும் வாயின் சுவை தெரிந்திருந்தது! புகையிலையின் தீமையை இன்று உலகம் அறியும். நாம் போற்றுவது அப்பொருளையன்று. கொள்வோன் விருப்பத்தை அறிந்து பொருளை ஆக்கிய அந்த முறையையே.

தென்னிலங்கைப் பட்டினங்களிலும் நாட்டுப்புறச் சந்திகளிலும் யாழ்ப்பாணத்தார் வைத்த சுருட்டுக் கடைகளைப் பற்றிப் பெரியோர் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். வேலணை, புங்குடுதீவு, காரைநகர் முதலிய ஊர்களிலிருந்து சென்றோர் இதிற் பெயர் பெற்றவர்கள். சிங்கள மக்கள் அவற்றைச் 'சுருட்டுக் கடே' என்றே அழைத்தனர். கடை என்ற நம் சொல் அவர்கள் வாயிற் கடே ஆயிற்று. முதலாளி என்ற நம் சொல்லும் அவர்கள் மொழியிலே குடியேறிற்று. இவ்வளவு நெருக்கம் எங்ஙனம் உண்டாயிற்று?

ஊரிலிருந்து ஒரு பையன் கடைப் பொடியனாக அனுப்பப்படுவான். கூட்டுவான், பெட்டி அடுக்குவான், சீனி நிறுப்பான், கணக்கெழுதக் கற்பான். சில ஆண்டுகளிற் சிங்களம் அவன் நாவிலே தானாக வந்துவிடும். வயற்காரர் கையிற் காசு புரள்வது அறுவடைக்குப் பின். தோட்டத் தொழிலாளர் கையிற் காசு வருவது சம்பள நாளில். மீன்பிடிகாரர் காசு கடலின் குணத்தைப் பொறுத்தது. நாட் கூலியாள் ஒரு போத்தல் எண்ணெய் வாங்கமாட்டார். அன்றைய கறிக்கு வேண்டியதையே வாங்குவார். சித்திரை வருடப்பிறப்புக்கு இன்ன சாமான், வெசாக்குக்கு இன்ன சாமான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதும் தெரிந்திருக்கும். இவையெல்லாம் அறிந்த பின்னரே அவன் தனக்கென ஒரு கடை வைத்தான். இக்காலத்து வணிக நூல்கள் 'சந்தை ஆய்வு' என்று கூறுவதை அவன் விளக்குமாற்றுடன் நின்று செய்து முடித்தான். அவன் கல்லாவின் பக்கத்திலிருந்த கடன் கொப்பியே அவனுடைய ஆராய்ச்சி நூல்.

ஆனால், அன்பர்களே, அந்தச் சங்கிலி அறுந்து போயிற்று. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிலே தெற்கிலிருந்த தமிழர் கடைகள் பல சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. வாங்குவோரை நன்கறிந்திருந்த கடையும் தீயிலிருந்து தப்பவில்லை. பின்னர் 1990ஆம் ஆண்டில் யுத்தம் தீவகத்தைச் சூழ்ந்தபோது நம் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். சரவணையின் பிள்ளைகள் இன்று உலகின் பல மூலைகளிலே வாழ்கின்றனர். கடைகளோடு போனது கட்டடமும் சரக்கும் மட்டுமன்று. தந்தை மகனுக்கும், மாமன் மருமகனுக்கும், முதலாளி கடைப் பொடியனுக்கும் கைமாற்றி வந்த அறிவும் உடன்போயிற்று. அது ஏட்டில் எழுதப்படாத அறிவு. ஆட்களின் தலையிலே இருந்த அறிவு. முன்னோர்க்குப் பழக்கத்தால் வந்ததை நாம் இனி முயன்று, முறையாகக் கற்க வேண்டியவர்களாக இருக்கின்றோம். இன்று நாம் சொல்ல வந்த செய்தி இதுவே.

இத்தகைய கல்வி மேலைநாட்டிலும் நீண்ட காலத்துக்கு முந்தியதன்று. அமெரிக்காவில் கேட்டிஸ் என்னும் பத்திரிகை நிறுவனம் 1911ஆம் ஆண்டில் சாள்ஸ் பார்லின் என்பவரைச் சந்தை விசாரணைக்கென்றே நியமித்தது. அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. தகரத்தில் அடைத்த சூப் விற்ற கம்பல் நிறுவனத்தார், தம் பொருளை வாங்குவோர் செல்வர்களே என்றும், தொழிலாளர் படிக்கும் பத்திரிகையில் விளம்பரம் செய்வது வீண் என்றும் கருதினார்களாம். பார்லின் வாதாடவில்லை. பிலடெல்பியா நகரத்தின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வீட்டுக் குப்பையைச் சேர்ப்பித்துத் தகரங்களை எண்ணுவித்தாராம். செல்வர் வீட்டுக் குப்பையிலே சூப்புத் தகரங்கள் அரிது. அங்கே சமையற்காரர் இருந்தனர். தொழிலாளர் வீட்டுக் குப்பையிலோ அவை நிறைந்திருந்தனவாம். கதையின் விவரங்கள் எப்படியாயினும் ஆகுக; கருத்து மிகவும் உறுதியானது. வாங்குவோர் இன்னாரென்று நாம் நினைப்பது வேறு. உண்மையில் வாங்குவோர் வேறு. 1954இல் வெளியான தம் நூலிலே பீற்றர் டிறக்கர் என்னும் அறிஞர், ஒரு தொழிலின் நோக்கம் வாங்குவோரை உண்டாக்குவதே என்று கூறினார். இலாபம் அதன் பின்னே வருவது.

இனி நம் ஊருக்கு வருவோம். நம்மிடம் பனை உண்டு. பனை அபிவிருத்திச் சபை 1978ஆம் ஆண்டு முதல் இத்துறையில் இயங்கி வருகின்றது. நம் சகோதரிகள் சிலர் ஒடியல் மா, புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி ஆகியவற்றைப் பொதி செய்து விற்க எண்ணுகின்றனர் என வைத்துக்கொள்வோம். "யாருக்கு விற்பீர்கள்?" என்று கேட்டால், "எல்லாரும் வாங்குவார்கள்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். வியாபாரத்தில் இதனிலும் ஆபத்தான வாக்கியம் வேறில்லை. எல்லாரும் வாங்குவர் என்பது யாரையும் இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்பதன் மறுபெயர்.

பிரித்துப் பாருங்கள். முதலாவது நம் ஊரார். ஒடியற் கூழின் அருமை அறிந்தவர். ஆயினும் பலர் வீட்டில் தாமே ஒடியல் வைத்திருப்பவர். சுவை தெரியும் என்பதாற் காசு கொடுப்பர் என்று கொள்ள முடியாது. இரண்டாவது, குறிகட்டுவானுக்கு வரும் தென்னிலங்கை யாத்திரிகர். நயினாதீவிலே நாகபூசணி அம்மன் கோவிலும் நாகதீப விகாரையும் இருத்தலால் இந்துக்களும் பௌத்தர்களும் அதே துறையிற் படகேறுகின்றனர். ஒடியல் மாவைக் கொண்டு என்ன செய்வதென்று தென்னிலங்கையாருக்குத் தெரியாதிருக்கலாம். ஆனால் கித்துள் கருப்பட்டியோடு பழகிய அவர்களுக்குப் பனங்கட்டியை நெடுநேரம் விளக்க வேண்டியதில்லை. குட்டானில் அடைத்த பனங்கட்டி கையிலே கொண்டுபோகவும் வசதியானது. மூன்றாவது, ஆனி மாத உற்சவத்துக்கும் கோடை விடுமுறைக்கும் கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ் முதலிய நாடுகளிலிருந்து வரும் நம்மவர். அவர்கள் விலையைப் பற்றி அதிகம் பேசார். ஆனால் பெட்டியின் நிறை, பூச்சி பிடிக்குமோ, பழுதாகுமோ என்பன பற்றிக் கேட்பர். தாய் விரும்புவதைப் பிள்ளை தொடாதிருக்கவுங்கூடும். நான்காவது, வெள்ளவத்தையிலோ, கடல் கடந்த தமிழர் கடைகளிலோ சாமான் எடுக்கும் வியாபாரி. அவருக்குச் சுவையிலும் பெரிது, மாதந்தோறும் அதே தரம், அதே அளவு, தவறாத வரவு.

பொருள் அதே பனையிலிருந்து வந்தது. ஆனால் நால்வருக்கும் வேண்டிய பொதி வேறு, அளவு வேறு, விலை வேறு, மொழி வேறு, காலம் வேறு. நால்வரையும் முதல் நாளே திருப்திப்படுத்த முயலும் சிறு தொழில் ஒருவரையும் திருப்திப்படுத்தாது. ஆதலால் ஒருவரைத் தெரிந்துகொண்டு தொடங்குவதே அறிவுடைமை.

எவரைத் தெரிவது? அதற்கு விசாரணை வேண்டும். விசாரணை என்றவுடன் பெருஞ்செலவு என்று அஞ்சற்க. ஒரு கொப்பியும், ஒரு பென்சிலும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலாவது, நின்று பாருங்கள். குறிகட்டுவான் துறையில் ஒரு சாதாரண நாளும், ஒரு போயா நாளும், உற்சவ காலத்தில் ஒரு நாளும் நின்று பாருங்கள். வருவோர் எங்கே பசியாறுகின்றனர்? படகேறுமுன் வாங்குகின்றனரா, திரும்பி வந்த பின் வாங்குகின்றனரா? கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பது எதனை? பணப்பையைத் திறப்பவர் தந்தையா, தாயா? இவற்றை ஊகித்தல் வேண்டா, கண்டு எழுதுங்கள்.

இரண்டாவது, கேளுங்கள். ஆனால் கேட்கும் முறையை அறிந்து கேளுங்கள். "நாங்கள் இப்படியொரு பொருள் செய்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டால் நம்மவர் ஒருவரும் இல்லையென்று சொல்லார். "ஓமோம், நல்ல விஷயம், செய்யுங்கோ" என்பார்கள். அது அன்பு, ஓடர் அன்று. முகத்தாட்சணியத்தை நம்பி முதல் போடலாகாது. இனிச் செய்யப்போவதைப் பற்றிக் கேளாமல், முன்பு செய்ததைப் பற்றிக் கேளுங்கள். கடைசியாக எப்போது பனங்கட்டி வாங்கினீர்கள்? எங்கே? எவ்வளவு? வீட்டில் அதனை யார் தின்றார்கள்? மறுபடியும் ஏன் வாங்கவில்லை? நடந்ததைச் சொல்லும்போது மனிதர் முகத்துக்காகப் பேசுவது குறைவு.

மூன்றாவது, வாங்காதவரையும் கேளுங்கள். வாங்கியவர் புகழுரை செவிக்கு இனிது. வாங்காதவர் சொல்லே கடைக்கு மருந்து. விலையா, பொதியா, ஐயமா, அன்றி அது என்ன பொருளென்றே விளங்கவில்லையா?

நான்காவது, சிறிதளவு விற்றுப் பாருங்கள். நூறு பொதி செய்யுமுன் பத்துப் பொதி செய்யுங்கள். இலவசமாகக் கொடுத்துக் கருத்துக் கேட்டல் போதாது. காசுக்கு விற்றுப் பாருங்கள். இலவசப் பண்டத்தைக் குறை கூறுவார் இலர். கை பணப்பைக்குள் போகின்றதா என்பதே உண்மையான விடை.

ஐந்தாவது, இரண்டு கொப்பி வையுங்கள். ஒன்று விற்றதை எழுத. மற்றொன்று, ஒருவர் கேட்டு நம்மிடம் இல்லாததை எழுத. "இல்லை" என்று சொல்லி அனுப்பிய ஒவ்வொரு முறையும் அதனைக் குறித்து வையுங்கள். சில மாதங்களின் பின் அக்கொப்பியைப் புரட்டினால், அடுத்து எந்தச் சரக்கு எடுக்க வேண்டுமென்று அதுவே சொல்லும்.

ஆறாவது, கணக்குப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு பொதியில் எல்லாச் செலவும் போக 50 ரூபா மிஞ்சுகின்றது என்க. கடை வாடகை, மின்சாரம், போக்குவரத்து எனப் பொதுச் செலவு மாதம் 30,000 ரூபா என்க. அச்செலவைச் சரிக்கட்டவே மாதம் 600 பொதி விற்க வேண்டும். அதாவது நாளொன்றுக்கு 20. வீட்டுக்கு ஒரு சதம் கொண்டுபோகும் பேச்சு அதற்குப் பின்னர்தான். இனிக் கேளுங்கள்: நாளொன்றுக்கு இருபது பேர் வாங்கத்தக்க பாதை இதுதானா? மழைக் காலத்திலும், கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளிலும் வருவாரா? வாரார் எனின், கடை வேண்டா. விடுமுறை நாட்களில் மட்டும் ஒரு தட்டு வைத்தாற் போதும், அன்றி ஒரு வியாபாரிக்கு மொத்தமாகக் கொடுத்தாற் போதும். கடை திறக்காமல் விடுவதும் சில வேளை நல்ல வியாபாரமே.

"இப்படி விசாரித்துக்கொண்டிருந்தால் வியாபாரம் எப்போது செய்வது?" என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. விசாரணைக்கும் எல்லை உண்டு. உயிரோடிருக்கும் சந்தை எந்தக் கொப்பியிலும் முழுதாக அடங்காது. கடை திறந்த பின்னரும் கற்க வேண்டியது இருந்துகொண்டே இருக்கும். ஆயினும் ஒரு மாத விசாரணையால் இழப்பது ஒரு மாதம். விசாரியாமற் போட்ட முதலால் இழப்பது ஆண்டுகள் பல கட்ட வேண்டிய கடன். ஆழம் அறியாமற் காலை விடாதே என்பது கடல் சூழ்ந்த நம்மவர்க்குச் சொல்லித்தர வேண்டிய பழமொழியா?

கொள்வாரை அறிதல் அவரை ஏமாற்றுவதற்காக அன்று என்பதையும் சொல்ல வேண்டும். திருவள்ளுவர் வாணிகம் பற்றிய தம் குறளை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்திலே வைத்தார் என்பது சிந்திக்கத்தக்கது. பிறர் பொருளையும் தம் பொருள் போலப் பேணுதலே வாணிகம் என்பது அவர் கருத்து. தூரத்திலிருந்து வந்த யாத்திரிகர் மறுபடியும் வரமாட்டார் என்று எண்ணிப் பழஞ்சரக்கைக் கட்டிக்கொடுப்பவன் அவரை அறிந்தவன் ஆகான். அவர் பாஷையில் நாலு வார்த்தை கற்பதும், பொதியின் மேல் விவரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுவதும், விலையை எல்லாருக்கும் ஒன்றாகச் சொல்வதும் மரியாதையின் பாற்பட்டவை. நம் முன்னோரைக் கடே முதலாளி என்று ஒரு காலத்தில் ஊரே அழைத்தது அந்த மரியாதையினாலன்றோ? எத்தனையோ துன்பங்கள் நடந்த பின்னரும் ஒரு மனிதனை மற்றொரு மனிதன் முகத்துக்கு முகம் அறிந்துகொள்ளும் இடங்களில் கடையும் ஒன்று.

இறுதியாக, சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். தெற்கிலே கடை நடத்திய பெரியோர் சிலர் இன்னும் நம்மிடையேயும் வெளிநாட்டிலும் இருக்கின்றனர். அவர்களிடம் சென்று, எப்படிச் சரக்குத் தெரிந்தீர்கள், யாருக்குக் கடன் கொடுத்தீர்கள், எந்த மாதம் எது விற்றது என்று கேட்டு எழுதி வைப்போமாக. முதியவர் ஒருவர் மறையுந்தோறும் ஒரு கடன் கொப்பி மூடப்படுகின்றது. அத்துடன், தொழில் தொடங்க விரும்பும் சகோதர சகோதரிகளுக்காக அங்கத்தவர் மூவர் நால்வர் சேர்ந்து மூன்று நாள் குறிகட்டுவானில் நின்று கண்டதை எழுதி வாசிகசாலையில் வைத்தால், அக்கொப்பி ஒரு குடும்பத்தின் நகையை அடைவுக்குப் போகாமற் காக்கக்கூடும். இவ்வேலைக்கு அங்கத்தவராகிய நாம் ஆயத்தமாக இருக்கின்றோம். பெரியோர் வழிகாட்ட வேண்டும்.